பள்ளி விட்டு வரும் நோயாளி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் இளையோர் சேவையைத் தொடங்குவோருக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் மருத்துவ அலுவலர்களுக்காகவும், செவிலியர்களுக்காகவும், அவர்களோடு சேர்ந்து வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தாருக்காகவும் இதை எழுதுகிறேன். பணியில் சேர்ந்த சில வாரங்களில் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வரும்: “உங்கள் நிலையத்தில் வளரிளம் பருவத்தினருக்கான சேவை நடக்கிறதா?” பெரும்பாலான இடங்களில் சுவரில் ஒரு பலகை இருக்கும். பீரோவில் ஒரு பதிவேடு இருக்கும். அதில் சில பெயர்களும் இருக்கும். ஆனால் பதினாறு வயதுப் பையனோ பெண்ணோ தானாக நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தால், இருக்க மாட்டார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் சுமார் 25 கோடிப் பேர். அதாவது ஐந்தில் ஒருவர். இவர்களுக்கென்றே 2014 ஜனவரி 7 அன்று மத்திய அரசு ‘ராஷ்ட்ரீய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சத்துணவு, பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம், மனநலம், போதைப் பழக்கம், காயங்களும் வன்முறையும், தொற்றா நோய்கள் என ஆறு பொருள்கள் அதில் உள்ளன. திட்ட ஏடுகளில் குறையில்லை. இளையோருக்கான மருத்துவ சேவை எப்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2015இல் எட்டுத் தரங்களை வகுத்துக் கொடுத்திருக்கிறது. குறை இருப்பது நம் நிலையத்தின் கேட்டுக்கும் மருத்துவரின் நாற்காலிக்கும் இடையே உள்ள அந்த முப்பது அடி தூரத்தில். ஆகவே மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு வழியைப் பற்றிப் பேசுகிறேன். தமிழ்நாட்டு நிலையங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்; மற்ற இடங்களில் இருப்பவர்கள் நாளையும் நேரத்தையும் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: கேட்டிலிருந்து நடந்து பாருங்கள்

ஒரு நாள் காலை பத்து மணிக்கு, வெளிநோயாளிகள் கூட்டம் நிறைந்திருக்கும்போது, சீட்டு போடும் இடத்துக்கு அருகே கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். அங்கே நடப்பது இப்படித்தான் இருக்கும். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வருகிறாள். “பெயர்? வயது? அப்பா பெயர்? எந்த ஊர்?” என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. ஊர்ப் பெயர் சொன்னதுமே பெஞ்சில் இருக்கும் ஒரு பெரியம்மா நிமிர்ந்து பார்க்கிறார். “என்ன செய்கிறது?” என்ற அடுத்த கேள்வி வரிசையில் கடைசி ஆள்வரை கேட்கும்படி வருகிறது. வெள்ளைப்படுதலுக்காக வந்த பெண் “தலைவலி” என்கிறாள். சீட்டில் தலைவலி என்று எழுதப்படுகிறது. மருத்துவரும் தலைவலிக்கு மாத்திரை எழுதுகிறார். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. யார் மீதும் பிழை சொல்ல முடியாது. எல்லாரும் தங்கள் வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் இனி வர மாட்டாள்.

இதைச் சரிசெய்யப் பணம் வேண்டாம். சீட்டு போடுபவர் பெயர், வயது, ஊர் ஆகியவற்றை மட்டும் கேட்டால் போதும்; என்ன தொந்தரவு என்பதை அங்கே கேட்கவே வேண்டியதில்லை என்று முடிவு செய்யுங்கள். 10 முதல் 19 வயதுக்குள் உள்ளவர்கள் யார் வந்தாலும் நேராக எந்த அறைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவையுங்கள். “யாரோடு வந்தாய், அம்மா வரவில்லையா?” என்ற கேள்வியை அறவே நிறுத்துங்கள். அது அக்கறையால் கேட்கப்படுவதுதான். கேட்கப்படும் பிள்ளைக்கோ அது விசாரணை.

இந்தப் பேச்சை மருத்துவரோடும் செவிலியரோடும் நிறுத்திவிடாதீர்கள். மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர் ஆகியோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். ஊரில் செய்தி பரவுவது பெரும்பாலும் மருத்துவர் வாயிலாக அல்ல. மருந்து கொடுக்கும் சன்னலில் “இது எதற்கு மாத்திரை தெரியுமா?” என்று உரக்கக் கேட்கப்படும் ஒரு வார்த்தை போதும், ஆறு மாத உழைப்பு வீணாகிவிடும். பயிற்சி வகுப்புக்கு மருத்துவரை மட்டும் அனுப்பிவிட்டு, சேவை மாறிவிடும் என்று எதிர்பார்ப்பது எனக்கு எப்போதுமே புரியாத ஒன்று. தென்னாப்பிரிக்காவில் 1999இல் தொடங்கிய தேசிய இளையோர் மருத்துவமனை முயற்சி, நிலையம் முழுவதையும் ஒரு தரத்துக்குக் கொண்டுவந்து, அதை அளந்து சான்று தரும் முறையைக் கையாண்டது. அந்த முறையில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்: சான்று தனிமனிதருக்கு அல்ல, கட்டடத்துக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும்.

இரண்டாம் படி: நாளும் நேரமும்

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கானது. புதன்கிழமை தடுப்பூசிக்கானது. இந்த இரண்டு நாளும் நிலையம் முழுக்கப் பெண்களும் கைக்குழந்தைகளும் நிறைந்திருப்பார்கள். ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். இளையோர் சேவைக்கு இந்த நாட்கள் ஆகாது. காலை நேரமும் ஆகாது. அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். வெளிநோயாளிகள் நேரமும் பள்ளி விடும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே முடிகின்றன என்பதுதான் இந்தச் சேவையின் முதல் முரண். பிள்ளை வரக்கூடிய நேரத்தில் நாம் பையை எடுத்துக்கொண்டிருப்போம்.

வாரம் ஒரு நாள், மாலை நாலே காலிலிருந்து இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். சனிக்கிழமை காலையும் நல்ல நேரம். அதற்கு முன் பேருந்து அட்டவணையைப் பாருங்கள். பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே இங்கே தடையாக நிற்பது காசு அல்ல, கடைசி வண்டி. ஐந்தரை மணி டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழரைக்குத்தான் என்றால், எந்தப் பெண்ணும் ஐந்தே காலுக்கு மேல் உட்கார்ந்திருக்க மாட்டாள். அவளை வரிசையில் முன்னால் விடுங்கள்.

பள்ளிக்குப் போகாதவர்களை மறந்துவிடக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் பதினேழு வயதுப் பையன், நூற்பாலை விடுதியில் தங்கி ஷிப்ட் பார்க்கும் பெண், மேஸ்திரியோடு ஊர் ஊராகப் போகும் சித்தாள் ஆகியோரின் நேரம் வேறு. உங்கள் எல்லைக்குள் நூற்பாலை இருந்தால் அதன் வார விடுமுறை எந்த நாள் என்று விசாரியுங்கள். பெரும்பாலான திட்டங்கள் பள்ளிக்கூடத்தைச் சுற்றியே ஓடுகின்றன, ஏனென்றால் பள்ளியில் பிள்ளைகள் மொத்தமாகக் கிடைக்கிறார்கள். அதிகம் தேவைப்படுபவர்கள் அங்கே இல்லை.

நாளையும் நேரத்தையும் ஒருமுறை அறிவித்துவிட்டால் மாற்றாதீர்கள். கூட்டம், முகாம், ஆய்வு என்று இரண்டு வாரம் மருத்துவர் இல்லாமல் போனால், மூன்றாவது வாரம் நீங்கள் இருப்பீர்கள், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். மருத்துவர் இல்லாத நாளிலும் செவிலியர் ஒருவர் கட்டாயம் இருக்கும்படி பணிப்பட்டியலில் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: அறை

தனிக் கட்டடம் வேண்டாம். பல நாடுகளில் இளையோர் மையம் என்று தனியாகக் கட்டி, கேரம் பலகை, தொலைக்காட்சி எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்துத் தெருவில் இருக்கும் சற்று வயதில் மூத்த பையன்கள் என்றும், வந்தவர்கள் விளையாடிவிட்டுப் போனார்களே தவிர மருத்துவ சேவையை அதிகம் நாடவில்லை என்றும் தெரிந்தது. இலங்கையில் ‘யொவுன் பியச’ என்ற பெயரில் இளையோர் சேவையை மருத்துவமனைகளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதுவே நமக்கும் பொருந்தும் வழி.

உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது. இது ஒன்றுதான் அறைக்கு நான் வைக்கும் நிபந்தனை. இதைச் சோதிப்பது எளிது: ஒருவரை உள்ளே உட்காரவைத்து இயல்பான குரலில் பேசச் சொல்லிவிட்டு, நீங்கள் வெளி பெஞ்சில் உட்காருங்கள். கேட்டால் பெஞ்சை நகர்த்துங்கள், அல்லது அறையை மாற்றுங்கள். கண்ணாடித் தடுப்புக்கு மேலே அரை அடி திறந்திருக்கும் அறைகளில்தான் பல நிலையங்களில் ஆலோசனை நடக்கிறது. பரிசோதனை மேசைக்குத் திரை வேண்டும். பெண்ணைப் பரிசோதிக்கும்போது பெண் பணியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும். உயரம், எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகியவற்றை அதே அறையிலேயே பார்க்க முடிந்தால், பிள்ளை ஐந்து இடத்துக்கு அலைய வேண்டியதில்லை.

வாசலில் வைக்கும் பலகையில் ‘வளரிளம் பருவத்தினர் ஆலோசனை’ என்று மட்டும் இருக்கட்டும். பால்வினை நோய், கருத்தடை என்றெல்லாம் பட்டியல் போட்டால், அந்த வாசலை மிதிக்கத் துணிச்சல் வேண்டியிருக்கும். பட்டியலை உள்ளே ஒட்டுங்கள்.

நான்காம் படி: முதல் பத்து நிமிடம்

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பிள்ளை தாயோடு வந்தால் முதலில் இருவரிடமும் சேர்ந்து பேசுங்கள். பிறகு தாயை வெளியே அனுப்ப வேண்டும். இதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “நீங்கள் வெளியே இருங்கள்” என்றால் தாய்க்குச் சந்தேகம் வரும், பிள்ளைக்குப் பயம் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அக்கா, இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரிடமும் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுவது இங்கே வழக்கம். அப்புறம் உங்களை மறுபடி கூப்பிடுகிறேன்.” எல்லாருக்கும் இதுதான் வழக்கம் என்று சொல்வது பொய்யாக இருக்கக் கூடாது. சளிக்கு வந்த பையனிடமும் தனியாகப் பேசுங்கள்.

பிறகு ரகசியத்தைப் பற்றிச் சொல்லுங்கள், வரம்போடு சொல்லுங்கள். “நீ சொல்வதை வீட்டிலோ பள்ளியிலோ சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது உன்னிடம் தவறாக நடந்துகொண்டிருந்தாலோ, சட்டப்படி நான் சொல்ல வேண்டிய விஷயம் என்றாலோ மட்டும் மறைக்க முடியாது. அப்போதும் யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.” முதலிலேயே இதைச் சொன்னால் பிள்ளை சிலவற்றைச் சொல்லாமல் விடக்கூடும். விடட்டும். எல்லாவற்றையும் சொல்லவைத்துவிட்டு, பிறகு ‘இதை நான் போலீஸில் சொல்லியாக வேண்டும்’ என்பதைவிட அது நேர்மையானது.

கேள்விகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. உலகெங்கும் ‘ஹெட்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தொடங்குங்கள். அடுத்து படிப்பும் வேலையும், சாப்பாடு, நண்பர்களும் பொழுதுபோக்கும். அதன் பிறகுதான் புகையிலை, மது, காதலும் உடலும், மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும், வீட்டிலும் வெளியிலும் உள்ள பாதுகாப்பு. எளிதானதிலிருந்து கடினமானதுக்குப் போவதுதான் இதன் சூட்சுமம். கடினமான இடம் வந்ததும் நேராகக் கேட்காமல், “உன் வகுப்பில் புகையிலை வைக்கும் பையன்கள் உண்டா? நீ வைத்துப் பார்த்திருக்கிறாயா?” என்று சுற்றி வாருங்கள். உதட்டுக்கடியில் வைக்கும் சிறிய புகையிலைப் பொட்டலம் பள்ளிவரை வந்துவிட்டது. வாசனை வராது என்பதால் வீட்டுக்குத் தெரிவதில்லை. வாயைத் திறக்கச் சொல்லி உள் உதட்டைப் பாருங்கள்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. “கல்யாணம் ஆகிவிட்டதா?” என்பது மாதவிடாய் தள்ளிப்போனதாகச் சொல்லும் பெண்ணிடம் நம் வாயில் தானாக வரும் கேள்வி. அந்தக் கேள்வியில் தீர்ப்பு இருக்கிறது. “வயிற்றில் பிள்ளை இருக்க வாய்ப்பு உண்டா என்று எல்லாரிடமும் கேட்பேன், உன்னிடமும் கேட்கிறேன்” என்றால் அதில் தீர்ப்பு இல்லை.

பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. இளையோர் சேவை என்றாலே பெண்பிள்ளை, ரத்தசோகை, நாப்கின் என்று நம் திட்டங்கள் நின்றுவிடுகின்றன. பையன்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜில் மாதம் ஒரு நாள் தங்கும் ‘பரம்பரை வைத்தியர்’ இருக்கிறார். ‘இளமையில் செய்த தவறுகளால் ஏற்பட்ட பலவீனம்’ என்று அவருடைய சுவரொட்டி கழிப்பறைச் சுவர்வரை ஒட்டப்பட்டிருக்கும். தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் சுய இன்பமும் நோய் என்று நம்பி, கூலி வேலை செய்து சேர்த்த பணத்தை லேகியத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். “சோர்வாக இருக்கிறது சார், சத்து மாத்திரை வேண்டும்” என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னால், அவன் கேட்க வந்தது வேறு. “தூக்கத்தில் உள்ளாடை நனைவதைப் பற்றிப் பல தம்பிகள் கேட்பார்கள், அது எல்லாருக்கும் நடப்பதுதான், உடம்புக்கு ஒன்றும் ஆகாது” என்று நீங்களே எடுத்துக்கொடுங்கள். நிமிர்ந்து பார்ப்பான். பையனின் மார்பு இலேசாகப் பருத்திருப்பதும் அப்படித்தான். பூப்பு வயதில் பலருக்கு வந்து, பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். இதற்கெல்லாம் மருந்தே வேண்டாம், இரண்டு வாக்கியம் போதும். ஆனால் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல ஆளில்லாததால்தான் லேகியம் விற்கிறது.

தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று தயங்காதீர்கள். கேட்பதால் எண்ணம் வராது. இருக்கும் எண்ணம் வெளியே வரும். பொதுத்தேர்வு முடிவுகளும் நீட் முடிவுகளும் வரும் வாரங்களில் கூடுதலாகக் கவனியுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணைப் பிள்ளையின் கண்முன்னே அழைத்துப் பேசவையுங்கள். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அது புத்தகத்துக்குள் போய்விடும். பூச்சிமருந்து வீட்டில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். விவசாயக் குடும்பம் என்றால் அதைப் பூட்டிவைக்கச் சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதி.

ஐந்தாம் படி: எதற்கு என்ன செய்வது

வருபவர்களில் பெரும்பாலோருக்கு நம்மிடம் இருக்கும் மருந்தே போதும். ரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. பையன்களுக்கு 14 வயதுவரை அதே அளவு, 15 வயதுக்குப் பிறகு 13. எட்டுக்குக் கீழே போனால் கடுமையானது. மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அது தடுப்பதற்கு. ரத்தசோகை ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு அது போதாது. தினசரி மாத்திரை வேண்டும். பல பிள்ளைகள் அந்த நீல மாத்திரையை வாங்கிச் சன்னலுக்கு வெளியே வீசுகிறார்கள். காரணம் கேட்டால் வாந்தி, கறுப்பாக மலம் போகிறது, யாரோ ஒருத்தி மயங்கி விழுந்தாள் என்பார்கள். வெறும் வயிற்றில் போடாதே, சாப்பிட்ட பிறகு போடு, டீயோடு போடாதே, மலம் கறுப்பாகப் போவது இயல்பு என்ற நாலு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்காமல் அட்டையை மட்டும் நீட்டுவதில் பயனில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் கொடுக்கப்பட்டதா என்றும் பாருங்கள்.

மாதவிடாய் வலிக்கு, வலி தொடங்கிய உடனே சாப்பாட்டுக்குப் பின் மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரை. முழங்காலைக் கட்டிக்கொண்டு மூலையில் கிடக்க வேண்டியதில்லை. பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. அதற்கு உடனே ஸ்கேன் எடுக்க அனுப்ப வேண்டாம். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்றுகிறாள், எத்தனை நாள் போகிறது என்று கேட்டேயாக வேண்டும். ரத்தசோகையின் வேர் அங்கே இருக்கலாம். கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் ‘புது யுகம்’ திட்டம் 2011இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. உங்கள் எல்லையில் அது யார் கையில் போய்ச் சேருகிறது என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி விடுபட்டிருந்தால் வந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். பால்வினைத் தொற்றுக்குச் சுகவாழ்வு மையம், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் ஆகியவை எந்த மருத்துவமனையில், எந்த அறையில் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘ஜி.எச்.சுக்குப் போ’ என்பது பரிந்துரை அல்ல. யாரைப் பார்க்க வேண்டும், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொல்லி, முடிந்தால் அங்கே இருப்பவரிடம் முன்கூட்டியே பேசி அனுப்புவதுதான் பரிந்துரை.

ஆறாம் படி: சட்டம்

இங்கே பலரும் பயந்து கதவைச் சாத்திவிடுகிறார்கள். தெளிவாகத் தெரிந்துகொண்டால் அத்தனை பயம் வேண்டாம்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத அனைவரும் குழந்தைகளே. பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால், சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். தராவிட்டால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. இருவரும் விரும்பிப் பழகியதாகச் சொன்னாலும், ஒருவர் 18க்குக் கீழ் என்றால் சட்டத்தின் பார்வையில் சம்மதத்துக்கு இடமில்லை. குழந்தைத் திருமணமாகி வந்த பெண்ணுக்கும் இதுவே பொருந்தும். 2017இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவுபடுத்திவிட்டது. பாதிக்கப்பட்ட சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். முதலில் சிகிச்சை. காவல்துறை வந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை.

கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயதானவருக்கு அவருடைய சம்மதம் ஒன்றே போதும். கணவனோ தந்தையோ கையெழுத்திட வேண்டியதில்லை. திருமணமாகியிருக்க வேண்டும் என்றும் இல்லை. 18க்குக் கீழ் என்றால் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் நமக்கு மிகவும் பயன்படும் ஒரு பகுதி இருக்கிறது. கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போக்சோ தகவலில் அந்தச் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பைப் பற்றித் தெரியாத மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நகல் எடுத்து அறையில் வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தோடு பேச வேண்டி வந்தால் உதவும்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதுக் காதலையும் குழந்தை மீதான வன்கொடுமையையும் ஒரே தட்டில் வைக்கும் ஏற்பாடு, பெண்களை நம்மிடமிருந்து மருந்துக்கடை மாத்திரைக்கும் போலி வைத்தியருக்கும்தான் துரத்துகிறது. ஆனால் சட்டம் அப்படி இருக்கும்வரை, தகவல் தராமல் விடும் துணிச்சலைப் புதிதாக வந்தவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சிக்கலான ஒவ்வொன்றையும் வட்டார மருத்துவ அலுவலரோடும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தோடும் பேசி, நாள் குறித்து எழுதிவையுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐச் சுவரில் ஒட்டுங்கள்.

ஏழாம் படி: ஊரைச் சரிக்கட்டுவது

“கல்யாணமாகாத பெண் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?” தாய்மார்கள் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான். இதற்கு அறிவுரை பதிலாகாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை உயரம், எடை, ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை என்று ஒரு பொது வாசலைத் திறந்துவிட்டால், எந்தப் பிள்ளை எதற்கு வந்தாள் என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தம் பார்க்க வந்தேன் என்று எந்தப் பெண்ணும் கூசாமல் சொல்லலாம்.

ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர், சுயஉதவிக் குழுத் தலைவி ஆகியோரிடம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். ரத்தசோகையில் தொடங்கி, புகையிலைக்கு வந்து, அதற்குப் பிறகுதான் மற்றவை. தொடக்கத்தில் சொன்ன மத்திய அரசுத் திட்டப்படி ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு பையன்களையும் இரண்டு பெண்களையும் சக வயது வழிகாட்டிகளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசிரியர்கள் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளைத்தான் நீட்டுவார்கள். கபடிக் குழுவில் சத்தம் போடும் பையனையும், பத்தாம் வகுப்போடு நின்று தையல் கற்கும் பெண்ணையும் கேளுங்கள். அவர்களிடமிருந்து மருத்துவ அறிவை எதிர்பார்க்க வேண்டாம்; “சனிக்கிழமை போ, அந்த நர்ஸ் அக்கா யாரிடமும் சொல்லாது” என்று நண்பனிடம் சொன்னால் போதும், அவர்கள் வேலை முடிந்தது.

எட்டாம் படி: எண்ணிப் பார்ப்பது

பள்ளியில் இருநூறு பேருக்குச் சொற்பொழிவு நிகழ்த்திவிட்டு, அந்த இருநூறையும் சேவை பெற்றவர்கள் என்று பதிவேட்டில் ஏற்றும் வழக்கம் பரவலாக உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். தனியாக ஒரு நோட்டுப் போட்டு, ஆணா பெண்ணா, 10–14ஆ 15–19ஆ, தனியாக வந்தாரா துணையோடு வந்தாரா, முதல் முறையா மறுமுறையா என்ற நான்கை மட்டும் குறியுங்கள். தனியாக வந்தவர்கள், மறுமுறை வந்தவர்கள் ஆகிய இரண்டு எண்களும் உயர்ந்தால் நம்பிக்கை உயர்கிறது என்று பொருள். பையன்கள் வரிசை காலியாக இருந்தால் நேரத்தையோ ஆளையோ மாற்றுங்கள். பெயர் உள்ள பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். மேசையில் விரித்து வைத்தால் அடுத்து வருபவர் முந்தைய பெயரைப் படித்துவிடுவார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலைந்து பிள்ளைகளை உட்காரவைத்து, இங்கே எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். பரிந்துரைப் பெட்டி வைத்தால் காலியாகவே கிடக்கும். நேரில் கேட்டால் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதிலிருந்து தொடங்குவார்கள். தாழ்ப்பாளை அடுத்த வாரமே போட்டுவிடுங்கள்; மறுமுறை கேட்கும்போது இன்னும் பெரிய விஷயத்தைச் சொல்வார்கள்.

கடைசியாக மாற்றல். இந்தச் சேவை பல நிலையங்களில் ஒரே ஒரு ஆர்வமுள்ள மருத்துவராலோ செவிலியராலோ நடக்கிறது. அவர் மாறிப் போனதும் நின்றுவிடுகிறது. ஆகவே தொடங்கும்போதே இரண்டு பேரைப் பழக்குங்கள். பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவிக் கொத்தோடும் இருப்புப் பதிவேட்டோடும் ஒரு பக்கக் குறிப்பையும் கொடுங்கள். நாள், நேரம், பரிந்துரைக்கும் இடங்களில் இருப்பவர்களின் பதவியும் தொலைபேசி எண்ணும், ஊரில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்பது, இப்போது தொடர் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளின் பதிவு எண்கள், அடுத்து வர வேண்டிய தேதிகள் ஆகியவை அதில் இருக்கட்டும். அந்தத் தேதிகளில் புதியவர் நாற்காலியில் இருக்க வேண்டும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.